இரண்டு அடுப்புச் சுவர்

டைல்ஸ் வாங்குவதற்காகச் சிந்தாமணி பெரம்பலூருக்குப் பஸ் ஏறவில்லை. பெண் பார்க்கத்தான் ஏறினாள். டைல்ஸ் ஒரு சாக்கு. ஆனால் அந்தச் சாக்கும் முழுப் பொய்யில்லை.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகும் அவளுடைய இளைய மகன் முத்துவேலுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. கல்யாணத் தரகர் பாவாடை, செட்டிகுளத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் புவனேஸ்வரி, பெரம்பலூரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. ஜாதகம் பொருந்தியது, போட்டோவும் பிடித்தது. பெண்ணின் அப்பா செல்லமுத்துதான் ஒரு கண்டிஷன் போட்டார். முதலில் நாங்கள் வந்து வீட்டைப் பார்ப்போம், பிடித்தால்தான் பெண்ணைக் காட்டுவோம் என்றார். பெண்ணைப் பார்க்காமல் வீட்டைக் காட்டுவதா என்று சிந்தாமணிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தாள். முப்பத்து மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு ஆட்டாமல் என்ன செய்வது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். வீடு பிடித்திருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காவிட்டால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று செருப்பை மாட்டிவிடுவார்கள். அந்தத் தகவல் வரவே வராது. முத்துவேலுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித்தான் போயிற்று. இரண்டு முறையும் வந்தவர்கள் கூடத்தைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், முகம் மலர்ச்சியாகத்தான் இருந்தது. பெண்கள் மட்டும் சமையல்கட்டுக்குள் போய்விட்டு வந்தார்கள். அப்புறம் யாரும் உட்காரவில்லை.

சமையல்கட்டில் பேய் ஒன்றும் இல்லை. ஒரே மேடையில் இரண்டு அடுப்பு இருந்தது, இரண்டு சிலிண்டர் இருந்தது, அவ்வளவுதான். இடப்பக்க அடுப்பில் மூத்த மருமகள் கவிதா, தன் புருஷன் தமிழழகனுக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கினாள். வலப்பக்க அடுப்பில் சிந்தாமணி தனக்கும் முத்துவேலுக்கும் பொங்கினாள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது கவிதா தன் பக்கச் சுவருக்குப் பச்சை அடித்தாள். சிந்தாமணி விடுவாளா? தன் பக்கத்துக்கு நீலம் அடித்தாள். பச்சையும் நீலமும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு வரப்பு மாதிரி நின்றது. அதைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

மாமியாரும் மருமகளும் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கேவலம் ஒரு குழம்பு விஷயம், அதைப் போய் இவள் இவ்வளவு பெரிசாக்கினாள் என்பது சிந்தாமணியின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சுவர் முழுக்க ஒரே டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும். பச்சை, நீலம், கோடு மூன்றும் ஒழியும். இரண்டாவது அடுப்பைக் கேட்டால், தீபாவளிப் பலகாரம் சுடுவதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கொத்தனாரிடமும் சொல்லியாயிற்று. எந்தக் கடையில் வாங்கினால் என்ன, அந்தப் பெண் வேலை பார்க்கிற கடையிலேயே வாங்கினால் அவளையும் ஒரு கண் பார்த்துவிடலாமே என்று தோன்றியபோது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள். அந்த மெச்சல் அரியலூரில் பஸ் மாறுகிற வரைக்கும்தான் தாங்கியது.

கடைக்குள் நுழைந்ததுமே பெண்ணை அடையாளம் தெரிந்துவிட்டது. போட்டோவில் இருந்ததைவிட உயரம். கொஞ்சம் கறுப்பு. கண் மட்டும் எதையும் விடாத கண்.

"வாங்கம்மா. தரைக்கா, செவுத்துக்கா?"

"சமையல்கட்டுச் செவுத்துக்குப் பாப்பா."

"எந்த ஊருங்க?"

"கீழப்பழுவூரு." பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய். தடங்கலில்லாமல் வந்தது.

"ஒக்காருங்க, எடுத்துக் காட்டுறேன்."

சிந்தாமணி நாற்காலியை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர்ச் சொம்போடு கொண்டுவந்து வைத்த வெறும் டம்ளரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சொம்பிலிருந்து ஊற்றிக் குடித்தாள். முதல் டைல்ஸைக் கையில் கொடுத்ததும் அதன் மேல் விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஆலைக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்த கை. சொல்லிக் கொடுக்காமலே அதெல்லாம் செய்யும். புவனேஸ்வரி அந்த விரலைப் பார்த்தாள்.

வெள்ளையில் பூப்போட்டது, சாம்பல் நிறம், மரப்பலகை மாதிரி கோடு ஓடுவது என்று வரிசையாக எடுத்து வைத்தாள். நடுநடுவே ஒட்டுவதற்கு என்று பழக்கூடைப் படம் போட்ட டைல்ஸும் இருந்தது. ஆரஞ்சும் திராட்சையும் நிஜம் மாதிரியே மினுமினுத்தன. சிந்தாமணிக்கு அதில் கண் ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கூடை இருந்தால், வருகிற பெண்களின் கண் அடுப்பை எண்ணாது என்று ஒரு கணக்கு.

"இதான். வெள்ளை, நடுவுல இந்தப் பழம். செவுரு முழுக்க."

"அளவு கொண்டாந்தீங்களா?"

முடிச்சுப் போட்ட கொடிக்கயிற்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புவனேஸ்வரி சிரிக்காமல் அதை வாங்கித் தரையில் விரித்து, டேப் வைத்து அளந்துகொண்டாள். சிரிக்காதது சிந்தாமணிக்குப் பிடித்திருந்தது.

"அடுப்பு எங்க வருது, சிங்க் எங்க வருது, கரண்டு போர்டு எங்கன்னு தெரியணுமே. படம் எடுத்துட்டு வந்தீங்களா?"

படம் போனில் இருந்தது. கொத்தனாருக்கு அனுப்புவதற்காக முத்துவேல் எடுத்தது. சிந்தாமணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"படம் எதுக்குப் பாப்பா? நீளம்தான் இருக்கே."

"போர்டுக்கு வெட்டறதுல கல்லு வீணாப் போவும்மா. பத்தாமப் போச்சுன்னா மறுபடி வந்து வாங்கும்போது அதே கலரு கெடைக்காது. ஒட்டுனது ஒரு வெள்ளை, புதுசு ஒரு வெள்ளைன்னு செவுரு ரெண்டாத் தெரியும்."

சுவர் இரண்டாகத் தெரியாமலிருக்கத்தானே சிந்தாமணி வந்ததே. வேறு வழியில்லாமல் போனைத் திறந்து நீட்டினாள்.

புவனேஸ்வரி படத்தை விரலால் பெரிசாக்கினாள். முதலில் பச்சைப் பக்கம் போனாள். அப்புறம் நீலம். அப்புறம் நடுக்கோட்டில் வந்து நின்றாள். மேலே ஓடிய மின்விசிறிச் சத்தம் சிந்தாமணிக்குக் காதை அடைத்தது.

"ரெண்டு அடுப்பு இருக்கு."

"ஒண்ணு பலகாரம் சுட. பண்டிகை நாள்ல."

"அதுல குக்கர் இருக்கே."

சிந்தாமணி பழக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன முத்துவேல்! படம் எடுக்கிறவன் அந்தக் குக்கரை நகர்த்தி வைத்துவிட்டு எடுக்கக் கூடாதா?

"அந்தப் பக்கம் யாரு சமைக்கிறாங்கம்மா?"

"மூத்த மருமவ."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா, எந்த டைல்ஸ் வேணும்னு?"

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றதுதான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி மணிவேல் காதில் இது விழுந்துவிட்டது. "கேட்டுருங்கம்மா," என்றார் அங்கிருந்தே. "போன மாசம் ஒருத்தர் பொண்டாட்டியக் கேக்காம எடுத்துட்டுப் போனாரு. ஒட்டுனதப் பேத்து எடுத்துட்டு இங்க வந்து சண்டை. புவனா, நம்பர வாங்கி நீயே பேசிரு."

"அவ எடுக்க மாட்டா," என்றாள் சிந்தாமணி அவசரமாக.

"கடை போன்லேருந்து போடுறேன், எடுப்பாங்க."

மறுத்தால் சந்தேகம் வரும். கொடுத்தால் என்ன வருமோ தெரியாது. கவிதா என்று எழுதியிருந்த இடத்தைச் சிந்தாமணியின் விரல் தானாகத் தொட்டுக் காட்டியது. புவனேஸ்வரி கடைப் போனில் எண்ணை அடித்து, டைல்ஸைப் பார்த்துக்கொண்டே பேச வசதியாக ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"அக்கா, பெரம்பலூர் டைல்ஸ் கடையிலேருந்து பேசுறோம். உங்க மாமியார் வந்துருக்காங்க. சமையல்கட்டுக்கு வெள்ளை எடுக்குறாங்க. உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கத்தான்."

"என்னையக் கேக்கச் சொன்னாங்களா?" என்றாள் கவிதா.

"நாங்கதான் கேக்குறோம்."

"அதான பாத்தேன்." போனுக்குள் ஒரு சிரிப்பு, சிரிப்பே இல்லாத சிரிப்பு. "வெள்ளை வேணாங்க. எங்க ஊரு தூசிக்கு வெள்ளை தாங்காது. எண்ணெப் பிசுக்குல சிமெண்டுத் தூசி ஒட்டி எறுகிப் போச்சுன்னா சொரண்டித்தான் எடுக்கணும். மண்ணு கலரு இருந்தாப் போடச் சொல்லுங்க. சொன்னாக் கேப்பாங்களா என்னன்னு தெரியாது. அவங்களுக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாளு பளபளன்னு இருந்தாப் போதும்."

"ஞாயித்துக்கெழம என்ன விசேஷம்?"

சிந்தாமணி கையை நீட்டிப் போனை அணைக்கப் போனாள். எது பொத்தான் என்று தெரியவில்லை. புவனேஸ்வரி போனை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"கொழுந்தனாருக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. செட்டிகுளத்துலேருந்து. ரெண்டு அடுப்ப மறைக்கத்தான் இந்த டைல்ஸு. மறைச்சுக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அவங்க என்னையக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். எங்க அப்பாவும் அம்மாவும் சாப்புட எலையில ஒக்காந்துருக்கையில, உப்பு கூடிப் போச்சுன்னு நான் வெச்ச கொழம்பச் சட்டியோட கொண்டு போயிக் கொல்லையில கொட்டுனாங்க. எங்க அம்மா வெறுஞ்சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுச்சு. அன்னிக்கு வெச்ச அடுப்புதாங்க இது. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு பெரசவமும் அவங்கதான் பாத்தாங்க, தூங்காமப் பாத்தாங்க. ஆனா யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. இந்தா, இதயே பாருங்க. நீங்கதான கேக்குறீங்க? சரிங்க, வெச்சிடுறேன்."

போன் அடங்கியது. மணிவேல் வேறு யாரிடமோ பேச எழுந்து வாசல் பக்கம் போயிருந்தார். அது ஒன்றுதான் சிந்தாமணிக்குக் கிடைத்த மரியாதை.

அவளுக்கு முகம் எரிந்தது. ஊரில் இதைவிடப் பெரிய சண்டையிலெல்லாம் நின்று ஜெயித்தவள். இங்கே வாய் எழவில்லை. சட்டியோடு கொட்டினேனா? கொட்டினேன்தான். சம்பந்தி முன்னால் உப்புக் குழம்பு ஊற்றினால் எங்கள் வீட்டு மானம் போகும் என்று நினைத்துத்தான் கொட்டினேன். இத்தனை நாளும் அதில் தப்பே தெரியவில்லை. இந்தப் பளபளக்கிற கடையில், யார் காதில் விழக் கூடாதோ அவள் காதில் விழும்போது, சோற்றை வெறுமனே பிசைந்து தின்ற அந்த அம்மாவின் கை மட்டும் கண் முன்னால் வந்து போக மறுத்தது.

புவனேஸ்வரி பழக்கூடை டைல்ஸை எடுத்து நிதானமாகத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"நீங்க ரெட்டிபாளையந்தானங்க?"

சிந்தாமணி தலையை நிமிர்த்தினாள்.

"நாற்காலியத் தொடைச்சிட்டு ஒக்காந்தீங்களே, அப்பவே நெனச்சேன். அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் டைல்ஸ் கையில குடுத்தா மொதல்ல தூசிதான் பாப்பாங்க. கீழப்பழுவூர்க்காரங்க பாக்க மாட்டாங்க."

"பாப்பா, எம் மவன் நல்லவன்." இதைச் சொல்ல நினைக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. "குடி கெடையாது. ஒருத்தர ஒரு சொல்லு சொல்ல மாட்டான். என் குத்தத்த அவன் தலையில வெச்சுராத. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. கூட்டாளிங்க கல்யாணத்துக்குக்கூட இப்பல்லாம் போறதில்ல அவன், எப்ப ஒனக்குன்னு கேக்குறாங்கன்னு."

"அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"உங்க அப்பாருகிட்டச் சொல்லிருவியா?"

புவனேஸ்வரி டேப்பைச் சுருட்டினாள், கொடிக்கயிற்றையும் சுருட்டி மேசையில் வைத்தாள். அவளுக்கும் படபடப்பு இருந்தது. வைத்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்டியதைச் சிந்தாமணி பார்த்தாள். இருபத்தொன்பது வயதாகிறது, அவளுக்கும் இது எத்தனையாவது இடமோ, யார் கண்டது?

"செவுத்த நீங்க மூடிட்டீங்கன்னா, எங்க ஆளுங்க கை நனைச்சுட்டு வந்துருவாங்க. அப்புறம் நான் வந்து அந்தச் செவுத்துல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே சமைக்கணும். என்னால முடியாதுங்க." குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. "மூடாம வெச்சீங்கன்னா எங்க அப்பா பாத்துட்டு எந்திரிச்சிருவாரு. நான் முன்னாடியே சொல்லி வெச்சா ஒக்காருவாரு. அந்த வூட்டப் பத்தி எனக்குத் தெரியும்ப்பா, நீங்க ஒக்காருங்கன்னு நான் சொல்லணும்."

"சொல்லும்மா. சொல்லு."

"அன்னிக்கு எங்க அப்பா எலையில ஊத்துற கொழம்பு, கவிதா அக்கா வெச்சதா இருக்கணும். அப்ப சொல்றேன்."

சிந்தாமணிக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கு ஏறியது. நேற்றுப் பிறந்தவள்! இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அதற்குள் யார் சமைக்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறாள். போடி நீயுமாச்சு உன் சம்பந்தமுமாச்சு என்று எழுந்து போய்விடலாம். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எழுந்தும் விட்டாள்.

வாசல் வரைக்கும் போனாள். வெளியே பைபாஸ் பக்கம் வெயில் கொளுத்தியது. இப்படியே போய் பஸ் ஏறினால், சாயங்காலம் முத்துவேல் ஷிப்டு முடிந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்கமாட்டான். கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான். அதுதான் அவளால் தாங்க முடியாதது. அவன் கேட்டுத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வாள்.

திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. தன் போனை எடுத்தாள். கவிதாவின் பெயரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. பொய் சொல்வானேன், எடுக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. புவனேஸ்வரி அவளைப் பார்க்காமல் ஒரு டைல்ஸ் பெட்டியின் அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை அழுத்தினாள். எடுத்த சத்தம் கேட்டது. "அலோ" என்றுகூடக் கவிதா சொல்லவில்லை.

"நாந்தான்," என்றாள் சிந்தாமணி. "ஞாயித்துக்கெழம நீதான் கொழம்பு வைக்கணும்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் மட்டும் வந்தது. புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இல்லாமலே சிந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது, தான் சொன்னது உத்தரவு மாதிரி இருக்கிறது என்று. அவளுக்கு வேறு மாதிரி பேசித்தான் பழக்கமில்லையே. போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வைக்கிறியாம்மா? வர்றவங்களுக்கு நீ வெச்சு ஊத்தணும். செவுத்துல டைல்ஸ் ஒட்டல. அது கெடக்கட்டும், அப்புறம் நீ வந்து பாத்து எடு. எனக்காக இல்லன்னாலும் முத்துவேலுக்காக..." மேலே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "உங்க அம்மாவையும் வரச் சொல்றேன். நானே போயிக் கூப்புடுறேன். அவங்களும் அன்னிக்கு எலையில ஒக்காரணும்."

பிள்ளைகளின் சத்தமும் நின்றுவிட்டது. கவிதா போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டு, டைல்ஸ் தட்டை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது கவிதாவா, தானா என்று சிந்தாமணிக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு கவிதா கேட்டாள்.

"எத்தன பேரு வராங்க?"